வண்டி கொள்ளும் அளவு



மே மாதம் பிறந்துவிட்டால் பங்கு அலுவலகத்தில் நம்மைத் தேடி இரு வகையான வேண்டுகோள்கள் மிகுதியாக வரும். ஒன்று, திருமண ஓலை வாசிப்பது பற்றியது. மற்றொன்று, "சாமி, வீடு மாறியிருக்கிறோம், ஒரு நாள் வந்து மந்திரிக்க வேண்டும்" என்பது. பள்ளித் தேர்வுகள் முடிந்து ஆடி பிறப்பதற்கு முன் உள்ள அந்த இரண்டரை மாதங்களில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் எத்தனை குடும்பங்கள் இடம் பெயர்கின்றன என்பதைத் தெருமுனையில் சற்று நேரம் நின்றாலே அறியலாம். (ஆடியில் குடிபுகலாகாது என்பது நம் மறை சார்ந்த நம்பிக்கையன்று. ஆயினும் அதைத் தவறாது கடைப்பிடிக்கும் கத்தோலிக்க வீடுகள் உண்டு. கேட்டால், "வீட்டுக்காரர் இந்து, சாமி" என்று பதில் வரும்.)

நாம் மந்திரிக்கச் செல்வது எப்போதும் புது வீட்டிற்குத்தான். கழுவிய வாசல், புதுச் சுண்ணாம்பின் வாடை, காய்ச்சிய பால், சுவரில் அப்போதுதான் ஆணியடித்து மாட்டிய திரு இருதயப் படம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பழைய வீட்டைக் காலி செய்யும் நாளில் குருவை எவரும் அழைப்பதில்லை. அழைத்திருந்தால் இக்கட்டுரையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருப்போம்.

சென்னைக் குடும்பம் ஏன் இப்படி ஓயாமல் மாறுகிறது என்று வெளியூர் அன்பர்கள் வியப்பதுண்டு. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் விதித்ததிலிருந்து வந்த வழக்கம் இது. பன்னிரண்டாவது மாதத்தில் வாடகை உயரும். அல்லது வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து திரும்புவான். அல்லது வீடே இடிபட்டு அடுக்குமாடியாக எழும். பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இவ்வூரின் நெடுநாள் பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், வேறு உடன்படிக்கை இல்லாவிடில் மூன்று மாதத்திற்கு மேல் வாங்கலாகாது என்கிறது. அந்த 'வேறு உடன்படிக்கை' எப்படி உண்டாகிறது என்பதை வாடகை வீடு தேடி அலைந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

நம் இளமையில் தட்டுமுட்டுச் சாமான்கள் மாட்டு வண்டியிலும் மீன்பாடி வண்டியிலும் போயின. 2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் ஒரு சிறு நான்கு சக்கர வண்டியை வெளியிட்டனர். மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டினர். அது சுமக்கும் எடை ஏறக்குறைய முக்கால் டன். ஒரே நடையில் வீடு மாற விரும்பும் குடும்பம் முக்கால் டன்னுக்குள் தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாம் நடைக்கு இரண்டாம் வாடகை.

அவ்வண்டி தெருவில் செல்வதைக் காணும்போது நமக்கு ஒரு கூச்சம் உண்டாகும். கால்கள் மேலே நோக்க நாற்காலிகள், கறை படிந்த மெத்தை, வாளிக்குள் துடைப்பம், சேலையில் சுற்றிய படம். விருந்தினர் கண்ணில் படாமல் ஆண்டுக் கணக்கில் மறைத்து வைத்தவை யாவும் நடுப்பகலில் ஊர் பார்க்கப் போகின்றன. சில மணி நேரத்திற்கு அக்குடும்பத்தின் வீடு என்பது அந்தச் சக்கரங்களின் மேல் இருப்பதுதான்.

நிற்க. இனி நம் பிழையைச் சொல்ல வேண்டும்.

குருக்களுக்கு இடமாற்றம் புதிதன்று. குருப்பட்டம் பெற்ற நாள் முதல் ஐந்து பங்குகளில் பணி செய்திருக்கிறோம். முதல் மாற்றலின்போது நம் உடைமை முழுவதும் ஒரு டிரங்குப் பெட்டியிலும் ஒரு படுக்கைச் சுருளிலும் அடங்கிற்று. அதில் நமக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. (கடைசி மாற்றலின்போது புத்தகங்களுக்கு மட்டுமே 23 அட்டைப் பெட்டிகள் தேவைப்பட்டதைப் பிரசங்கத்தில் நாம் சொல்வதில்லை.) அந்தப் பெருமையினால், வீடு மாறும் குடும்பங்களுக்கு ஒரு விதியை வழங்கி வந்தோம்: ஓராண்டாகக் கை படாத பொருள் உங்களுடையதன்று, அது பிறருக்கு உரியது, கொடுத்துவிடுங்கள். எளிய விதி. நினைவில் நிற்பது. கேட்டவர்கள் தலையாட்டினர், நாமும் மகிழ்ந்தோம்.

கச்சேரி சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பம் அது. சகோதரர்களுக்குள் பாகம் பிரிக்க வேண்டி வீட்டை விற்றார்கள். மூத்தவர் வங்கி அலுவலர். தம் மனைவி, மகள், தாயார் ஆகியோருடன் அடையாற்றில் 850 சதுர அடிக் குடியிருப்பு ஒன்றை வாங்கினார். பழைய வீட்டில் பரண் மட்டுமே ஏறத்தாழ அவ்வளவு பொருளைத் தாங்கி நின்றது. கல்லூரி மாணவியான மகள், மாரி கோண்டோ என்னும் ஜப்பானியப் பெண்மணியின் நூலைப் படித்தவள். மகிழ்ச்சி தராத பொருளுக்கு நன்றி கூறி விடைகொடு என்பது அந்நூலின் போதனை. அதனோடு நம் விதியும் சேர்ந்துகொண்டது. தாயார் திருச்சியில் உள்ள தம் மகள் வீட்டிற்குச் சென்றிருந்த பத்து நாட்களில் பரண் காலியாயிற்று. அம்மியும் ஆட்டுக்கல்லும் அண்டை வீட்டாருக்கு. அண்டாக்களும் குத்துவிளக்கும் பாத்திரக் கடைக்கு, எடைக்கு எடை. மற்றவை காயலான் கடைக்கு. அவசரத்தில் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. பட்டியல் போட்டே செய்தார்கள்.

மந்திரிப்பு முடிந்து நாம் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது அந்தத் தாயார் அருகில் வந்து அமர்ந்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"சாமி, ஒரு வருஷமாத் தொடாததை வச்சுக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாம்."

"ஆமாம், அம்மா."

"மூட்டு வலி வந்து நான் பரண் ஏறிப் பதினாலு வருஷம் ஆச்சு. தொடாம இருந்தது நான் வேணாம்னு இல்ல."

பரணில் இருந்தது கையால் சுற்றும் தையல் இயந்திரம். கணவர் இறந்தபோது அவருக்கு வயது 31, குழந்தைகள் நால்வர். அத்தெருவின் பாவாடைகளையும் தலையணை உறைகளையும் நம் ஆலயத்தின் பீடத் துணிகளையும் அந்த இயந்திரத்தில் தைத்தே அவர்களைப் படிக்க வைத்தார். மாலை வேளைகளில் பக்கத்தில் அமர்ந்து சக்கரத்தைச் சுற்றிக் கொடுத்தவர் அந்த மூத்த மகன்தான். அவருக்கு அது மறந்துபோகவில்லை. "இரும்பாகத்தானே இருந்தது, ஃபாதர். அம்மா கேட்டதே இல்லை" என்று தலை குனிந்தார். அதை விற்றதில் கிடைத்தது 360 ரூபாய்.

மறுநாளே அவர் காயலான் கடைக்கு ஓடினார். இரும்பெல்லாம் அந்த வாரமே லாரி ஏறிவிட்டது. இயந்திரத்தின் வளைந்த மர மூடி மட்டும், மரம் என்பதால் எடைக்குச் சேராமல், கடையின் மூலையில் கிடந்தது. அதைத் துடைத்துக் கொண்டுவந்து தாயாரிடம் கொடுத்தார். இன்று அவர் தம் மாத்திரைகளையும் செபமாலையையும் அந்த மூடியைக் கவிழ்த்து அதற்குள் வைத்திருக்கிறார். நற்கருணை கொண்டு செல்லும் முதல் வெள்ளிதோறும் அது நம் கண்ணில் படுகிறது.

அதன்பிறகு, உண்மையிலேயே சக்கரங்களின் மேல் வாழ்வோர் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படிக்கலானோம். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவில் வீட்டை இழந்த முதியோர் பலர் பழைய வேன்களிலும் வண்டி வீடுகளிலும் குடியேறி, பருவ வேலைகளைத் தேடி ஊர் ஊராகச் செல்லத் தொடங்கினர். அவர்களைப் பற்றி ஜெஸிகா புரூடர் எழுதிய நூல் 2017இல் வெளிவந்தது. அதைக் கொண்டு எடுக்கப்பட்ட 'நோமாட்லாண்ட்' திரைப்படம் 2021இல் ஆஸ்கார் விருது பெற்றது. அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு எடைதான் என்று உற்பத்தியாளர் எழுதி ஒட்டியிருப்பார். மீறினால் டயர் வெடிக்கும், தடை பிடிக்காது. பெரிய வண்டியை விட்டுச் சிறியதற்கு மாறுவோர் எல்லாவற்றையும் தார்ப்பாயில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்தே கழிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்பது அவர்களது கணக்கு. அதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அத்தனை தொலைவு போவானேன்? நம் நாட்டிலேயே காடியா லோஹார் என்னும் கொல்லர் மக்கள் இருக்கின்றனர். காடி என்றால் வண்டி. 1568ஆம் ஆண்டில் சித்தூர்க் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபோது, கோட்டை மீண்டும் தம் அரசரிடம் வரும்வரை அதற்குள் கால் வைப்பதில்லை, கூரை வீட்டில் குடியிருப்பதில்லை, கட்டிலில் படுப்பதில்லை, விளக்கேற்றுவதில்லை என்று அவர்களின் முன்னோர் சபதம் செய்ததாக மரபு. அன்று முதல் மாட்டு வண்டியே வீடு. கட்டிலை அவர்கள் எறிந்துவிடவில்லை. வண்டியின் மேல் கவிழ்த்துப் போட்டுக் கொண்டு சென்றனர். 1955 ஏப்ரல் 6 அன்று, 387 ஆண்டுகளுக்குப் பின், பிரதமர் நேரு அவர்களைச் சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்று சபதத்தை முடித்து வைத்தார். ஆயினும் பலர் வண்டி வாழ்க்கையை விடவில்லை. டெல்லிச் சாலையோரங்களில் அவர்களது குடியிருப்புகளை இன்றும் காணலாம். அவ்வண்டியில் துருத்திக்கும் பட்டடைக்கும் சம்மட்டிக்கும் என்றும் இடம் உண்டு. கணவன் பழுத்த இரும்பைப் பிடிக்க, மனைவி சம்மட்டி அடிப்பாள். சோறு போடும் கருவியை வைத்த பின்பே மற்றவற்றுக்கு இடம் பார்க்கிறார்கள். நாமோ ஒரு தாயின் கருவியை எடைக்குப் போடச் சொல்லிவிட்டோம்.

மறைநூலிலும் ஒரு வீடு மாற்றம் இருக்கிறது. எத்தனையோ முறை வாசித்தும் நாம் அதை அந்தக் கண்ணோடு வாசித்ததில்லை. எண்ணிக்கை நூலின் ஏழாம் அதிகாரத்தில், பாலைவனத்தில் திரு உறைவிடத்தைப் பெயர்த்துச் செல்வதற்காக இஸ்ரயேலின் தலைவர்கள் ஆறு கூண்டு வண்டிகளையும் பன்னிரண்டு மாடுகளையும் கொண்டு வருகின்றனர். மோசே அவற்றைப் பங்கிடுகிறார். திரைகளைச் சுமக்கும் கேர்சோன் மக்களுக்கு இரண்டு வண்டிகள். சட்டங்களையும் தூண்களையும் சுமக்கும் மெராரி மக்களுக்கு, பாரம் மிகுதி ஆதலால், நான்கு. கோகாத்தின் மக்களுக்கோ ஒன்றும் இல்லை. தூயகத்துப் பொருள்கள் அவர்கள் பொறுப்பு. அவற்றைத் தோளில் சுமக்க வேண்டும். வண்டியில் ஏற்றத்தக்கது எது, உடலோடு சேர்த்து எடுத்துச் செல்ல வேண்டியது எது என்று முதலிலேயே பிரித்துவிட்டார்கள்.

இதை வாசித்த இரவில் ஒரு மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நாம் அடையாற்றங்கரையை ஒட்டிய பங்கு ஒன்றில் இருந்தோம். வெள்ளம் வடிந்த சில வாரங்களுக்குள், கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்திற்கு அனுப்பும் வேலை தொடங்கிற்று. தரைத்தளமும் ஏழு மாடிகளும் கொண்ட வரிசை வரிசையான கட்டடங்கள். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து கதவுள்ள வீட்டிற்குப் போகிறார்கள் என்று நாம் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சி முற்றிலும் தவறன்று. லாரி வந்து நின்றது. ஒரே பிற்பகல், ஒரே லாரியில் பல குடும்பங்கள். கட்டில், மின்விசிறி, சேறு உலராத தொலைக்காட்சிப் பெட்டி, குடங்கள், ஒருவர் பெயர்த்து எடுத்து வந்த தகரக் கதவு எல்லாம் ஏறின. ஒருவருடைய இஸ்திரி வண்டிக்கு மட்டும் இடமில்லை. பதினெட்டு ஆண்டுகளாக ஒரு புங்க மரத்தடியில் நின்று அத்தெருவின் சட்டைகளுக்கெல்லாம் மடிப்பு வைத்த வண்டி. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். நாமும் அதையே சொன்னோம். அவர் மறு பேச்சுப் பேசவில்லை. அடுப்புக்கரிச் சாம்பலைத் தட்டிவிட்டு, ஆறேழு கிலோ எடையுள்ள இஸ்திரிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். எட்டுத் தளங்களில் குடியிருக்கும் அத்தனை பேரிலும் துணியை இஸ்திரிக்குக் கொடுப்பவர் எவருமில்லை என்று ஒரு மாதம் கழித்து வந்து சொன்னார். அதுவரை அவ்வண்டி நம் ஆலய வளாகத்தில் நின்றது. மீண்டும் அதே மரத்தடிக்கு அதைத் தள்ளிச் சென்றார். அன்று முதல் காலையில் பேருந்தேறி வந்து இரவில் பேருந்தேறிப் போனார். அன்றைய வருமானத்தில் ஒரு பங்கு பயணச் சீட்டுக்கே போயிற்று. அப்போது இவற்றையெல்லாம் மாற்றத்தின் சிறு இடையூறுகள் என்றே எண்ணியிருந்தோம்.

ஆகவே நம் பழைய விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். பொருளைக் குறைக்க வேண்டாம் என்று இதற்குப் பொருளன்று. உடைந்த குக்கர்களையும் மூடியில்லாத டப்பாக்களையும் ஊறுகாய் ஜாடிகளையும் வீடு வீடாகச் சுமந்து திரிவோரை நாம் அறிவோம். குறைத்தே ஆக வேண்டும். ஆனால் வண்டி வருவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். அவரவர் பொருளை அவரவர் கையால் எடுக்கட்டும். பரண் ஏற முடியாதவருக்குப் பரணிலிருப்பதைக் கீழே இறக்கி, மடியில் வைத்து, கேளுங்கள். சிலவற்றை அவர்களே சிரித்துக்கொண்டு தள்ளிவிடுவார்கள். நீங்கள் அஞ்சியதில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். குழந்தைகளிடமும் கேளுங்கள்; ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு பெட்டி உண்டு. வீட்டில் ஒருவர் இல்லாத நாளில் அவருடைய அலமாரியைத் திறக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையார் பல முறை கேட்டுக்கொண்டது. வீடு காலி செய்பவர்கள் கிழிந்த துணியையும் கால் உடைந்த நாற்காலியையும் ஏழைகளுக்கென்று ஆலய வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் சாலையோரங்களில், நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக வந்த பழைய துணிகள் எடுப்பாரின்றிக் குவிந்து கிடந்தன. எல்லாம் இழந்த மீனவர்கள் அவற்றைத் தொடவில்லை. உங்களால் உடுத்த முடியாததைக் குப்பைக்காரரிடம் கொடுங்கள்; அவருக்கு அதில் வேலையிருக்கிறது. புத்தகங்களை லஸ் முனையின் நடைபாதைக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். நல்ல பாத்திரங்களைத் தியாகராய நகருக்கு எடைக்குக் கொண்டு செல்வதற்கு முன், மணமாகவிருக்கும் பெண் ஒருத்தி உங்கள் தெருவிலேயே இருக்கிறாளா என்று பாருங்கள்.

சென்ற மே மாதத்தில் மந்தைவெளியிலிருந்து வேறொரு சிறு வீட்டிற்கு மாறிய குடும்பத்திடம் இவ்வாறே சொன்னோம். அவ்வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்ற அச்சகத் தொழிலாளி. ஒரே ஒரு பெட்டியைப் பிரிக்க அவருக்கு மூன்று வாரமாயிற்று. மகன் பொறுமையிழந்து நம்மிடம் முறையிட்டார். நாம் அவரிடம் காலண்டரைப் பார்க்க வேண்டாம் என்றோம். இறுதியில் கிழவர் தம் பொருள்களில் முக்கால் பங்கைத் தாமே கொடுத்துவிட்டார். நின்றுபோன சுவர்க் கடிகாரம் ஒன்றை மட்டும் துண்டில் சுற்றி, குட்டி யானையின் முன் இருக்கையில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டு போனார். பழுது பார்க்கலாமே என்று மருமகள் கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், காரணம் சொல்லவில்லை. வீடு மந்திரிக்கச் சென்றபோது பார்த்தோம். திரு இருதயப் படத்திற்கு எதிர்ச் சுவரில் அது தொங்கிக்கொண்டிருந்தது. மணி பத்து இருபது. நாம் சென்றதோ மாலை ஆறு மணிக்கு.